நெஞ்சுக்குள் பார்க்க என்ன விலை

ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மெஷின், அதில் படுக்கப் போவதும் ஒரே மனுஷன். இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினால் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர். அட்டையைப் பையிலேயே வைத்துக்கொண்டு ரொக்கமாகக் கொடுத்தால் ஆயிரத்து நூற்றைம்பது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பில் போடும் நொரீன் இதை என் புருஷனிடம் சொல்லியிருக்கவே கூடாது. பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அவள் வாயைத் திறந்த நிமிஷத்திலிருந்து ஆறு வாரம் என் வீட்டில் நிம்மதி இல்லை.

என் புருஷன் வெர்லின் ஏலம் போடுகிறவர். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்தில் யார் பண்ணையை விற்றாலும், யார் செத்து அவர் வீட்டுச் சாமான் விலைக்கு வந்தாலும், டிராக்டரிலிருந்து தையல் ஊசி வரைக்கும் கூவி விற்பவர் அவர்தான். நாற்பது வருஷமாக அந்தத் தொண்டைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. போன சோள அறுவடைச் சமயத்தில் அதில் ஓர் இருமல் வந்து உட்கார்ந்தது. தேன் குடித்தார், விஸ்கி குடித்தார், தேனையும் விஸ்கியையும் கலந்து குடித்தார். விஸ்கி தீர்ந்தது, இருமல் தீரவில்லை. நான் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக டாக்டர் பிரிட்சார்டிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வலது நுரையீரலில் மேல் பக்கம் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு நிழல் தெரிகிறது என்றாள்.

"ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம், ஏதாவது இருந்தாலும் இருக்கலாம். நெஞ்சுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துடுங்க, வெர்லின்."

"எவ்ளோ ஆகும்?"

"அது எனக்குத் தெரியாதே. பில் போடறவங்களைத்தான் கேக்கணும்."

என் காதில் விழுந்தது 'ரெண்டு வாரம்' என்ற சொல். அவர் காதில் விழுந்தது, எடுக்கச் சொல்கிறவளுக்கே விலை தெரியாது என்பது. விலை தெரியாத சரக்கு என்றால் ஏலக்காரனுக்கு வாயில் எச்சில் ஊறும்.

எங்கள் இன்சூரன்ஸ் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அறுபத்தைந்து முடிந்தால் சர்க்காரின் மெடிகேர் வந்துவிடும். அவருக்கு அறுபத்து நாலுதான். அதுவரை சொந்தத் தொழில்காரர்கள் மாதாமாதம் பணம் கட்டி வாங்குகிற இன்சூரன்ஸ்தான் கதி. அது எப்படிப்பட்டது என்றால், வருஷத்தில் முதல் ஒன்பதாயிரம் டாலர் நம் கையை விட்டுப் போன பிறகுதான் அது கண்ணைத் திறந்து நீ யார் என்று கேட்கும்.

"அப்ப இன்சூரன்ஸ் இல்லாதவனுக்கு விலை மூணுல ஒரு பங்குதானா?" என்று நொரீனிடம் கேட்டார்.

"இருக்கறவங்களும் உபயோகிக்கலேன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், அதே விலைதான்."

"பின்ன நான் மாசாமாசம் கட்டற பணம் எதுக்கு, நொரீன்?"

"என்னைக் கேட்டா? நானும்தான் கட்டறேன்."

அன்றைக்கே ஆயிரத்து நூற்றைம்பதைக் கட்டி, கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். வெர்லின் வண்டியில் வந்து உட்கார்ந்தவர் சாவியைப் போடாமல் யோசித்தார்.

"மூவாயிரத்து எண்ணூறுலேருந்து இவ்ளோ இறங்கறவன், இன்னும் இறங்குவான், ட்வைலா."

சமையலறை மேஜை மறுநாளே ஆபீஸ் ஆயிற்று. நடுவில் மஞ்சள் தாள், பக்கத்தில் போன், ஓரத்தில் நான் சுட்ட கேக்கை வைக்கக்கூட இடமில்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஓர் எண் உண்டாம். அதைச் சொன்னால்தான் விலை சொல்வார்களாம். காளையின் காதில் தொங்கும் வில்லை எண்ணைப் படிக்கிற மாதிரி, ஏழு ஒண்ணு ரெண்டு அஞ்சு சைபர் என்று நாள் முழுக்க அதையே கூவிக்கொண்டிருந்தார். எனக்குக் கனவிலும் அந்த எண் வந்தது.

"நாளைக்குக் காலைல கையில ரொக்கத்தோட வந்து நின்னா கடைசி விலை என்ன?" என்பது அவருடைய முதல் கேள்வி. பேர் சொல்ல மாட்டார். எங்கிருந்து பேசுகிறார் என்பதையும் சொல்ல மாட்டார். மாட்டுச் சந்தையில் நிற்கிற மாதிரி முகத்தைக் கல்லாக வேறு வைத்துக்கொள்வார். போனில் முகம் தெரியாது என்று யார் சொல்வது?

"எழுநூத்துத் தொண்ணூறு, சார்," என்றது லிங்கன் நகரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி.

"பக்கத்துல ஒருத்தர் அறுநூறு சொல்றாரே."

"அப்ப அவர்கிட்டயே போங்க, சார்."

"அவசரப்படாதீங்கம்மா, பேசிட்டுத்தானே இருக்கோம்!"

"இன்னொண்ணு. நான் சொன்னது படம் எடுக்கற விலை மட்டும். படத்தைப் பாத்து எழுதிக் குடுக்கற டாக்டரோட பில் தனியா வரும்."

"யாரும் பாக்காம அலமாரியில வெக்கறதுக்கா நான் படம் எடுக்கறேன்?" என்று வெர்லின் கத்தின கத்தலில் இருமல் வந்து, போனை நான் வாங்கி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரிகள் எல்லாம் விலையைக் கம்ப்யூட்டரில் வெளியிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வெளியிட்டும் இருக்கிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியின் விலைப் பட்டியலை இறக்க வெர்லின் பொத்தானை அமுக்கினார். எங்கள் கம்ப்யூட்டர் மூன்று மணி நேரம் முனகிவிட்டு, திரை நீலமாகி, பேச்சு மூச்சில்லாமல் போயிற்று. அதைச் சரி பண்ணுவதற்கு நூற்றுப்பத்து டாலர். அதை ஸ்கேன் கணக்கில் சேர்க்கலாமா என்று நான் கேட்டதற்கு அவர் மறுபடியும் போனை எடுத்தார்.

காலையில் தானியக் கிடங்கு ஆபீஸில் காபி குடிக்கக் கூடுகிற ஆண்பிள்ளைகளுக்கும் இது ஃபுட்பால் ஸ்கோர் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் எல்டன். எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரன்; வாயைத் திறந்தால் மூட மாட்டான். "இன்னிக்கு என்ன விலைக்கு வந்திருக்கு?" என்று அவன் கேட்பான், இவர் சொல்வார், எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். எல்டன் யோசனை சொல்லித்தான் கால்நடை டாக்டர் கர்ட்டிடமும் போய்க் கேட்டார்.

"பல்கலைக்கழகத்துல குதிரைக்கு ஸ்கேன் எடுக்கறாங்களே, அதுல மனுஷன் படுத்தா என்ன விலை?"

"பன்னண்டு மணி நேரம் வைக்கோல் திங்காம இருக்கணும். அப்பறம் மயக்க ஊசி போட்டுக் கால் நாலையும் கட்டுவாங்க. உனக்கு ரெண்டுதானே இருக்கு?" என்றார் கர்ட்.

"அப்ப பாதி விலையா?" என்று கேட்டாராம் என் புருஷன். கர்ட் அதைச் சொல்லிச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். பிறகு காலண்டரைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால் விலை இறங்க இறங்க வாரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. எழுநூற்றுத் தொண்ணூறுக்கு நாள் குறித்தார். ஐந்நூற்று இருபத்தைந்து கிடைத்ததும் அதை ரத்து செய்தார். ஐந்நூற்று இருபத்தைந்துக்கு நாள் குறித்தார். முந்நூற்று நாற்பது கிடைத்ததும் அதையும் ரத்து செய்தார். ஐந்தாவது வாரம், மூன்று மணி நேரத் தூரத்தில் ஒமஹாவில், மால் பக்கத்தில் இருக்கிற ஒரு ஸ்கேன் சென்டரில் இருநூற்று அறுபத்தைந்து என்றார்கள். படம் பார்த்து எழுதுகிற டாக்டர் பில்லும் அதிலேயே சேர்த்தி. நான் காரில் பெட்ரோல் போட்டு, சாண்ட்விச் கட்டி, கோட்டை எடுத்து வைத்தேன்.

"பனி பெய்யும் போலிருக்கு," என்றார்.

வெளியே பார்த்தேன். கண் கூசும் வெயில்.

"வெர்லின், டாக்டர் ரெண்டு வாரம்னு சொன்னா. அஞ்சு வாரம் ஆச்சு."

"புது வருஷம் பொறந்தா இன்னும் கொறைப்பாங்கன்னு எல்டன் சொல்றான்."

"எல்டன் போய் உன் நெஞ்சுக்குள்ள பாத்துச் சொல்லட்டும்!" என்று சாண்ட்விச்சை நாய்க்குப் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டு மேல்தான் காட்டுவேன்.

இதற்கு நடுவில் எங்களுக்குத் தெரியாமல் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு தாங்கவில்லை என்றால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் விருந்து வைப்போம். பெரிய அண்டாவில் பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்டுச் சில்லி, தொட்டுக்கொள்ளச் சினமன் ரோல் என்கிற பட்டை போட்ட இனிப்பு ரொட்டி. தட்டுக்கு என்ன கொடுப்பது என்பது அவரவர் இஷ்டம். சாப்பிட்ட பிறகு பெண்கள் சுட்டுக்கொண்டு வந்த 'பை'களை, அதாவது மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட பண்டங்களை, ஏலம் விடுவோம். ஒரு ஆப்பிள் பை இருநூறு டாலருக்குப் போகும். நாற்பது வருஷமாக அந்த ஏலத்தையெல்லாம் ஒரு காசு வாங்காமல் கூவிக் கொடுத்தவர் வெர்லின்தான்.

ஒரு சனிக்கிழமை பெட்ரோல் பங்க் கண்ணாடிக் கதவில் அவருடைய போட்டோவைப் பார்த்தேன். கீழே, 'வெர்லினின் நெஞ்சுக்காக. ஞாயிறு மதியம், சர்ச் முடிந்ததும். தாராளமாகப் பசியோடு வாருங்கள்' என்று எழுதியிருந்தது. எல்டனின் மனைவி மார்வெல்லாவின் கையெழுத்து.

அவளுக்குப் போன் போட்டேன். "என்னடி இது?"

"வெக்கப்படாத, ட்வைலா. அந்த மனுஷன் இருநூறு டாலருக்காக ஊரு ஊரா கெஞ்சிட்டிருக்கறதைப் பாத்து எனக்குத் தூக்கமே வரல. ஏன் எங்ககிட்ட சொல்லல? குதிரை டாக்டர்கிட்டயா போய் நிக்கணும்?" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள்.

வெர்லினிடம் சொன்னேன். அவர் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது.

"என்னைப் பிச்சைக்காரன் ஆக்கிட்டாங்களா? பாங்கில பணம் கெடக்கு!"

"ஊரெல்லாம் போன் போட்டு இன்னும் கொறைங்கன்னு கெஞ்சினது யாரு?"

"அது கெஞ்சறது இல்ல. பேரம்!"

"அதை அவங்ககிட்ட போய்ச் சொல்லு. அண்டாவுல சில்லி கொதிக்குது."

போகாமல் இருக்க முடியாது. சமைத்தவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? போனோம். இருநூறு பேர் இருந்தார்கள். யாரோ வெர்லின் கையில் மைக்கைத் திணித்தார்கள், ஏனென்றால் எங்கள் மாவட்டத்தில் ஏலம் போடத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. தன் நெஞ்சுக்குத் தானே ஏலம் போட நின்ற முதல் மனுஷன் என் புருஷனாகத்தான் இருக்கும்.

முதல் பை மார்வெல்லாவின் செர்ரி பை. எல்டன் எடுத்த எடுப்பில் நூறு என்றான். பழக்கதோஷத்தில் வெர்லின் "நூறு, நூறு, நூத்தம்பது யாரு?" என்று ஏற்ற ஆரம்பித்துவிட்டார். கர்ட் முந்நூறு என்றார். அப்போதுதான் யாருக்காக ஏற்றுகிறோம் என்பது இவருக்கு உறைத்திருக்க வேண்டும். நாற்பது வருஷத்தில் நான் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன். ஏலக்காரர் சரக்கைக் குறை சொன்னார்.

"முந்நூறா? கர்ட், நல்லாப் பாத்துட்டுச் சொல்லு. ஓரம் கருகியிருக்கு."

"எங்க கருகியிருக்கு?" என்று மார்வெல்லா எழுந்துவிட்டாள்.

"லேசா. சர்க்கரையும் கம்மின்னு நெனக்கறேன். போன வருஷம் இதே பை நாப்பதுக்குத்தான் போச்சு. எல்லாரும் கொஞ்சம் நிதானமா..."

"நானூறு!" என்றான் எல்டன், மனைவியின் மானத்துக்காக.

"ஐந்நூறு!" என்றார் கர்ட், வேடிக்கைக்காக.

இவர் எவ்வளவுக்கு எவ்வளவு இறக்கப் பார்த்தாரோ அவ்வளவுக்கு அவ்வளவு ஏறிற்று. அடுத்த பைக்கு மாவு வேகவில்லை என்றார். அது அறுநூறுக்குப் போயிற்று. சுட்ட பெண்கள் பல்லைக் கடித்தார்கள், ஆண்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது பையில், "ஒரு தரம், ரெண்டு தரம்," என்றவருக்கு மூன்றாவது தரம் வரவில்லை. இருமல் வந்தது. மைக்கைப் பிடித்தபடியே இருமினார். கூடம் முழுக்க அந்தச் சத்தம் மட்டும்தான். ஒரு நிமிஷத்துக்கு மேல் இருமினார். இருநூறு பேரும் ஆளுக்கொரு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மொத்தம் நாலாயிரத்து இருநூற்றுப் பதினைந்து டாலர். மார்வெல்லா அதை ஒரு காபி டப்பாவில் போட்டு என் மடியில் வைத்தாள். வண்டியில் ஏறினோம். நான்தான் ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் சோளக்காட்டு ஓரமாக நிறுத்தினேன்.

"இனிமே விலைன்னு ஒரு வார்த்தை பேசாத. நீ விலைக்காக நின்னுட்டிருக்கல. பயம்."



"எங்க அப்பாவும் இப்படித்தான் இருமினார்," என்றார். "சும்மா படம் எடுத்துப் பாக்கலாம்னு சொன்னாங்க. உள்ள போறப்ப மனுஷனாப் போனார், ட்வைலா. வெளிய வரப்ப நோயாளியா வந்தார். நாலே மாசம். அவர் பூட்ஸை நான்தான் ஏலம் போட்டேன். ஆறு டாலர்."

"தெரியும்."

"விலை கேட்டுட்டு இருக்கற வரைக்கும் நான் விலை கேக்கறவன், அவ்ளோதான். படம் எடுத்துட்டா அப்பறம் நான் யாரோ."

இத்தனை நாள் அந்த மனுஷனைத் திட்டின திட்டுக்கெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடுவார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்தேன். ஒமஹா போகிற சாலை இடது பக்கம். நான் வலது பக்கம் திருப்பி, நாலே நிமிஷத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். நொரீன் ஆயிரத்து நூற்றைம்பது என்றாள். வெர்லின் காபி டப்பாவிலிருந்து எண்ணி வைத்தார். நொரீனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் கேட்ட விலையை அவர் அப்படியே கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஸ்கேன் எடுக்க ஏழு நிமிஷம். ஆறு வாரம் சண்டை போட்டது ஏழு நிமிஷத்துக்கு. மீதிப் பணத்தைக் காபி டப்பாவோடு மார்வெல்லாவிடம் திருப்பிக் கொடுத்தோம், அடுத்து யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு. இரண்டு நாள் கழித்து டாக்டர் பிரிட்சார்ட் போன் செய்தாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பழைய தழும்பு, வெர்லின். கோழிக் கொட்டகை, பழைய களஞ்சியம் இதுலெல்லாம் ஒரு பூஞ்சைத் தூசி இருக்கும். எப்பவோ மூச்சுல போய், ஆறி, சுண்ணாம்பு மாதிரி கெட்டியாயிடுச்சு. இந்த ஊர்ல பாதிப் பேர் நெஞ்சுல இது இருக்கும். ஒண்ணும் பண்ணாது."

"இருமல்?"

"ரத்த அழுத்தத்துக்கு நான் குடுத்த மாத்திரையால வருதுன்னு நெனக்கறேன். சில பேருக்கு அப்படி வரும். மாத்தித் தரேன்."

"அந்த நாலு டாலர் மாத்திரையா?" என்றார். போனை வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க அழுதார். "ஆறு வாரம், ட்வைலா. ஆறு வாரமா நான் செத்துட்டு இருந்தேன். சும்மா."

நீ மட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். முட்டை பொரித்துப் போட்டேன்.

மறுநாள் பக்கத்து நகரத்துத் துணிக்கடைக்குப் போக வேண்டும் என்றேன். ரோட்டில் பனி உறைந்திருந்ததால் தானே ஓட்டுகிறேன் என்று வந்தார். துண்டு கிண்டு எதையோ திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார். கடையில் சாமானைத் திருப்பி வாங்குகிற மேஜைக்குப் பின்னால் என் வயதில் ஒருத்தி நின்றாள். நான் பையிலிருந்து எடுத்து வைத்தேன். கறுப்பு உடை, எங்கள் பக்கம் சாவுச் சடங்குக்கு உடுத்துவது. முழங்காலுக்குக் கீழ் வரை, முழுக்கை. விலைச் சீட்டு கூட அறுக்கவில்லை. மூன்றாவது வாரம் வாங்கி, கோட்டுகளுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தேன். நூற்று நாற்பத்தெட்டு டாலர். தள்ளுபடிக்காகக் காத்திருக்கவில்லை.

வெர்லின் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரசீது இருக்கு," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"எதுக்காகத் திருப்பித் தரீங்கன்னு கேக்குது," என்று அவள் திரையைப் பார்த்தாள். "அளவு சரியில்லையா? நிறம் பிடிக்கலையா?"

"ரெண்டும் சரிதான்," என்றேன். "தேவைப்படல."

அவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அப்படி ஒண்ணு இதுல இல்லையேம்மா. மனசு மாறிடுச்சுன்னு போட்டுக்கட்டுமா?"

ஏலம் போடுகிற என் புருஷன்தான் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "போட்டுக்கங்க," என்றார்.